சம்பளமும் கொடுப்போம், கணக்கும் கேட்போம்

(சங்கத்தின் மாதாந்திரப் பொதுக்கூட்டத்தில் இரயில்வே எழுத்தரும் சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு நம் சங்கத்தின் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. மும்பை மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மகாராஷ்டிர சட்டமன்றத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் அது. அதில் இரண்டு பாதி உண்டு. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் நகரசேவகர்களுக்கு, அதாவது கார்ப்பரேட்டர்களுக்கு, குடும்பம் நடத்தக்கூடிய சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது முதல் பாதி. அவர்களுடைய சொத்து, தொழில், அவர்கள் வீட்டார் மாநகராட்சியிடம் பெறும் ஒப்பந்தம் ஆகியவற்றை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும், அதை விசாரிக்க யாருக்கும் கட்டுப்படாத ஒரு அதிகாரி வேண்டும் என்பது இரண்டாம் பாதி.

நகலை எழுதியவன் நான். செயற்குழுவில் படித்தபோது இரண்டாம் பாதிக்கு எல்லோரும் கைதட்டினீர்கள். முதல் பாதியைப் படித்ததும் முகம் சுளித்தீர்கள். "இவங்க சம்பாதிக்கிறது போதாதா, சம்பளம் வேறயா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அந்த முதல் பாதியை எடுத்துடுவோம், மீதி ஒருமனதா நிறைவேறும்" என்றார். அண்ணாச்சி மேல் எனக்குள்ள மரியாதை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எடுக்கக் கூடாது என்று சொல்லத்தான் இப்போது உங்கள் முன் நிற்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன், ஆகவும் முடியாது. 1966-ஆம் ஆண்டின் இரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் எனக்கு அதைத் தடுக்கின்றன. ஆகவே நான் பேசுவதில் எந்தக் கட்சியின் சாயத்தையும் தேட வேண்டாம். எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துத்தான் பேசுகிறேன்.

என் தொழில் என்ன? டிக்கெட் கவுண்டர். விடியற்காலை முதல் டியூட்டி என்றால், கம்பிக்குப் பின்னால் உட்காருவதற்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை டிக்கெட் கொடுப்பதல்ல. அங்கே ஒரு பதிவேடு இருக்கும். என் சட்டைப் பையில் அன்றைக்கு எவ்வளவு சொந்தப் பணம் இருக்கிறது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருநூறு ரூபாய் இருந்தால் இருநூறு என்று எழுத வேண்டும். பிறகு எந்த நிமிஷத்திலும் விஜிலன்ஸ் வரலாம். பயணி மாதிரி ஒரு ஆளை அனுப்பி டிக்கெட் வாங்கச் செய்து, மறு நொடியில் கதவைத் தட்டலாம். பெட்டியில் இருக்கும் பணம், விற்ற டிக்கெட், என் பையில் இருப்பது, நான் எழுதிக் கொடுத்தது எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் என் கைப்பணம் போகும். கூடினால் வேலைக்கே ஆபத்து.

என்னோடு வேலை பார்த்த ஒரு தோழர், மனைவி மருந்து வாங்கக் கொடுத்த நூற்று நாற்பது ரூபாயை எழுத மறந்துவிட்டார். அன்றைக்கென்று சோதனை வந்தது. குற்றப்பத்திரிகை, விசாரணை, ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று இரண்டு வருஷம் அலைந்தார். தொழிற்சங்கத்தின் சார்பில் அவருக்காக வாதாடியவன் நான். அவருக்கு வந்த தண்டனை அதிகம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதிவேடே கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வரிசையில் நிற்கிற பயணியின் பணம் அது. அதைத் தொடுகிறவன் தன் பையைத் திறந்து காட்டத்தான் வேண்டும்.

பதிவேட்டோடு முடியவில்லை. நான் நிலம் வாங்கினால் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். என் வீட்டில் யாராவது வியாபாரம் செய்தால் தெரிவிக்க வேண்டும். என் பிள்ளை வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுக்கிற கோப்பு என் மேஜைக்கு வந்தால், நான் அதைத் தொடாமல் மேலே அனுப்ப வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஒரு எழுத்தனுக்கு இத்தனை கட்டுப்பாடு!

இதற்கெல்லாம் நான் ஏன் தலை கொடுக்கிறேன்? மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. அகவிலைப்படி வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. என் வயிற்றுக்கு வழி செய்துவிட்டு, "இப்போது உன் பையைக் காட்டு" என்று கேட்க நிர்வாகத்துக்கு உரிமை வருகிறது. சோறு போடாமல் பையைக் காட்டச் சொன்னால் எவன் காட்டுவான்? காட்டினாலும் அது உண்மைக் கணக்காக இருக்குமா? தோழர்களே, என் தீர்மானத்தின் இரண்டு பாதியும் ஒட்டிப் பிறந்தவை என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

இனி மும்பைக்கு வருவோம். இந்த மாநகரத்தின் சாசனம் எது? 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம். ஃபெரோஸ்ஷா மேத்தா போன்றவர்கள் முன்னின்று வாதாடி உருவான சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தைத்தான் திருத்தித் திருத்தி இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மாநகராட்சியின் 2025-26 வரவுசெலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். இந்தியாவில் சில மாநிலங்களுக்கே அவ்வளவு பெரிய பட்ஜெட் கிடையாது. அந்தப் பணத்தைப் பற்றிப் பேசவும் கேட்கவும் கையுயர்த்தவும் 227 நகரசேவகர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு என்ன கொடுக்கிறோம்? மராத்தியில் அதற்கு மானதன் என்று பெயர். மானத்துக்காகக் கொடுக்கும் தனம். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. நெடுநாள் மாதம் 10 ஆயிரமாக இருந்ததை, 2017-இல் மாநில அரசு மும்பைக்கு 25 ஆயிரமாக உயர்த்தியது. அந்த 25 ஆயிரத்தை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மும்பை மாநகராட்சி எல்லைக்குள் ஒரு கோடியே 24 இலட்சம் பேர். 227-ஆல் வகுத்தால் ஒரு வார்டுக்கு ஏறத்தாழ 55 ஆயிரம் பேர். அப்படியானால் தலைக்கு மாதம் ஐம்பது பைசாகூட நாம் கொடுக்கவில்லை. தண்டவாளம் பராமரிக்க நேற்றுச் சேர்ந்த தோழருக்கு ஏழாவது ஊதியக் குழுவின் அடிப்படைச் சம்பளம் 18 ஆயிரம். அகவிலைப்படி சேர்ந்தாலே 25 ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அவர் வியர்வைக்கு அது போதாது என்று போராடுகிறவர்கள் நாம். ஆனால் 55 ஆயிரம் பேரின் குழாய்க்கும் சாக்கடைக்கும் பள்ளிக்கும் பொறுப்பானவருக்கு அதைவிடக் குறைவு.

"இவர்கள் என்னத்தைச் செய்துவிட்டார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்களே இல்லாத காலத்தையும் நாம் பார்த்தோம். 2022 மார்ச் 7-ஆம் தேதி மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தலின் வாக்குப்பதிவு 2026 ஜனவரி 15-ஆம் தேதிதான் நடந்தது. ஏறத்தாழ நான்கு வருஷம் ஒரு நகரசேவகர்கூட இல்லை. அரசு நியமித்த நிர்வாகிதான் எல்லாம். அந்த நாட்களில் குழாயில் தண்ணீர் வராதபோது எங்கே போனீர்கள்? வார்டு ஆபீசில் எத்தனை மேஜை ஏறி இறங்கினீர்கள்? அதிகாரியிடம் "அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல முடியுமா? திட்டிக்கொண்டாவது கதவைத் தட்ட நமக்கு ஒரு கதவு வேண்டும் என்பதை அந்த நான்கு வருஷம் நமக்குக் கற்றுக்கொடுத்தது.

இப்போது அண்ணாச்சியின் வாதத்துக்கு வருகிறேன். "பொதுவாழ்க்கை என்பது சேவை. சேவைக்குக் கூலி கேட்கலாமா?" என்பது அவர் கேள்வி. அவர் நாற்பது வருஷமாக இந்தச் சங்கத்துக்கு ஒரு பைசா வாங்காமல் உழைத்தவர். கேட்கும் தகுதி அவருக்கு உண்டு. நான் பணிவோடு திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கூலி வாங்காமல் முழுநேரச் சேவை செய்ய யாரால் முடியும்?

நாம் மேடைக்கு மேடை உத்திரமேரூரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தமிழன் குடவோலை போட்டான் என்கிறோம். உண்மைதான். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக் கூடாது, அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது என்று உறவுமுறைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறது அந்தக் கல்வெட்டு. இன்றைய சட்டத்தில்கூட இல்லாத கண்டிப்பு! ஆனால் அதே கல்வெட்டை முழுக்கப் படியுங்கள். குடத்தில் பெயர் போட வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். நிலம் இல்லாதவனுக்கும் தோல் பதனிடுகிறவனுக்கும் துணி வெளுக்கிறவனுக்கும் அங்கே இடம் இல்லை. நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட நம் பாட்டன்மார் அன்று உத்திரமேரூரில் பிறந்திருந்தால், அந்தக் குடத்தின் பக்கத்தில்கூட நின்றிருக்க முடியாது.

ஒழுக்க விதி இருந்தது. ஆனால் சோற்றுக்குக் கவலை இல்லாதவனுக்கு மட்டும்தான் பதவி இருந்தது. இன்றைக்குச் சட்டம் நிலம் கேட்பதில்லை. சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டு அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொள்கிறது.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் தொழிலாளிகள். இங்கிலாந்தில் 1838-இல் மக்கள் சாசனம் என்று ஆறு கோரிக்கை வைத்துத் தொழிலாளர்கள் கிளம்பினார்கள். வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, இரகசிய வாக்கெடுப்பு இவற்றோடு, பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் என்பதும் அந்த ஆறில் ஒன்று. அது கிடைக்க 73 வருஷம் ஆயிற்று. கிடைத்த கதையில் ஒரு இரயில்வேக்காரர் இருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆஸ்பார்ன் என்ற இரயில்வே போர்ட்டர், தன் தொழிற்சங்கம் சந்தாப் பணத்திலிருந்து தொழிற்கட்சி உறுப்பினர்களுக்குச் செலவுக்குக் கொடுப்பது செல்லாது என்று வழக்குப் போட்டார். 1909-இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சங்கப் பணத்தில் வயிறு கழுவிக்கொண்டிருந்த தொழிலாளி உறுப்பினர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதன் பிறகுதான், 1911-இல், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 400 பவுன் அரசாங்கமே கொடுப்பது என்று முடிவாயிற்று. பிரபுக்களுக்கும் முதலாளிகளுக்கும் அந்த 400 பவுன் தேவைப்படவில்லை. சுரங்கத் தொழிலாளிக்குத் தேவைப்பட்டது.

நம் பம்பாயிலேயே நடந்ததையும் சொல்கிறேன். 1937-இல் காங்கிரஸ் மந்திரிசபை வந்தபோது, மந்திரிக்கு மாதம் 500 ரூபாய் போதும் என்று மசோதா கொண்டு வந்தார்கள். தியாகம் என்று நாடே பாராட்டியது. சட்டமன்றத்தில் எழுந்து அதை மறுத்துப் பேசியவர் டாக்டர் அம்பேத்கர். சம்பளத்தைத் தியாகக் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள், திறமை, ஜனநாயகம், நிர்வாகத்தின் நேர்மை ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள் என்பது அவருடைய வாதம். பசி என்றால் என்ன என்று அறிந்தவர் சொன்ன வாதம் அது.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்று. மும்பையை ஒட்டிய ஒரு நகரம், பெயர் வேண்டாம். அங்கே நம் அக்கா ஒருவர் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தார். மகாராஷ்டிரத்தில் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2011-இல் சட்டம் வந்தது அல்லவா, அப்படி ஒதுக்கப்பட்ட வார்டில் நின்று ஜெயித்தார். அவருக்காக இராத்திரி பகலாகச் சுவரொட்டி ஒட்டினவர்களில் என் தம்பியும் ஒருவன்.

ஜெயித்த முதல் மாதமே காலை ஆறு மணிக்கு வாசலில் கூட்டம். ஒருத்திக்கு ரேஷன் கார்டு, ஒருவருக்குப் பிணத்தை எடுக்க ஆம்புலன்ஸ், ஒருவருக்குப் பள்ளிச் சீட்டு. பகலெல்லாம் மீட்டிங், ஆபீஸ். மாவு அரைக்க நேரம் இல்லை. கிரைண்டர் மூலையில் கிடந்தது. வந்த மதிப்பூதியம் ஆட்டோ செலவுக்கும் வருகிறவர்களுக்கு டீ வாங்கவுமே சரியாய்ப் போயிற்று. ஆறாம் மாதம் ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். "அக்கா, நீங்க நடந்து போறதைப் பார்த்தா எங்களுக்கு வருத்தமா இருக்கு" என்று ஒரு ஸ்கூட்டர் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒருநாள் சாக்கடைக் கால்வாய் வேலைக்கான கோப்பு கூட்டத்துக்கு வந்தது. எல்லோரும் கையுயர்த்தியபோது அக்காவும் கையுயர்த்தினார். அடுத்த மழையில் அந்தக் கால்வாய் இடிந்தது. தண்ணீர் புகுந்த வீடுகளில் அக்காவின் வீடும் ஒன்று.

"தம்பி, அவன் கிட்ட நான் காசு வாங்கலையே" என்று என்னிடம் அழுதார். வாங்கியிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் செய்தது தவறு. நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த ஸ்கூட்டரும் கட்டணமும் சேர்ந்து ஒரு இலட்சம் இருக்குமா? அந்த ஒரு இலட்சத்தை நாம் சம்பளமாகக் கொடுக்கவில்லை. ஒப்பந்தக்காரர் கொடுத்தார். பிறகு அந்த அம்மா யாருக்கு ஊழியர்? நகரசேவக் என்றால் நகரத்தின் ஊழியர். சம்பளம் யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஊழியம் போய்ச் சேரும்.

தாய்நாட்டுச் செய்தியும் உண்டு. தமிழ்நாட்டில் 2023 ஜூலை முதல் மேயருக்கு மாதம் 30 ஆயிரம், மாநகராட்சி உறுப்பினருக்கு 10 ஆயிரம் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் பத்தாயிரத்தில் சென்னையில் யார் குடும்பம் நடத்துவது?

சரி, சம்பளம் கொடுத்துவிட்டால் எல்லோரும் உத்தமர்களாகிவிடுவார்களா? மாட்டார்கள். இந்த இடத்தில் எதிர்த்தரப்புத் தோழர்கள் சொல்வதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். பாராளுமன்ற உறுப்பினருக்கு 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு மாதம் ஒரு இலட்சத்து 24 ஆயிரம் சம்பளம், படிகள் தனி. அதனால் எல்லோரும் தூய்மையாகிவிட்டார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

நான் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ். 1989-இல் அங்கே மேயராக இருந்த டாம் பிராட்லி, ஒரு வங்கிக்கு ஆலோசகர் என்று பணம் வாங்கியது வெளியே வந்து பெரும் அமளியாயிற்று. 1990 ஜூனில் நகரச் சாசனத்தைத் திருத்தலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். சம்பளத்தை நீதிபதிகளின் சம்பளத்தோடு இணைத்து உயர்த்துவது, அதற்குப் பதிலாக வெளியே வேறு வேலை பார்த்துச் சம்பாதிக்கத் தடை, கண்காணிக்க ஐந்து பேர் கொண்ட ஒழுங்கு ஆணையம். எல்லாம் ஒரே சீட்டில். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஒரே சீட்டு என்ற யோசனைதான் என் தீர்மானத்துக்கும் முன்மாதிரி.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. அதே நகரசபையில் நகரத் திட்டக் குழுவின் தலைவராக இருந்த ஹோசே ஹுயிசார் என்பவர், கட்டட முதலாளிகளிடம் இலஞ்சம் வாங்கியதற்காக 2024 ஜனவரியில் 13 வருஷம் சிறைத் தண்டனை பெற்றார். அவருக்கு நல்ல சம்பளம் இருந்தது. ஒழுங்கு ஆணையமும் இருந்தது. பின் ஏன் நடந்தது? பேராசைக்குச் சம்பளம் மருந்தாகாது என்பது ஒன்று. காவல்காரனுக்குப் படியளக்கும் கை யாருடையது என்பது இன்னொன்று. கண்காணிக்கப்படும் நகரசபையே ஆணையத்துக்குப் பணம் ஒதுக்கும் நிலை இருந்தது. 2024 நவம்பரில் மக்கள் மறுபடி வாக்களித்து, ஆணையத்துக்கு ஆண்டுதோறும் இவ்வளவு பணம் குறையாமல் தர வேண்டும் என்று சாசனத்திலேயே எழுதினார்கள்.

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. கர்நாடகத்தின் 1976-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம், உறுப்பினர் ஆண்டுதோறும் சொத்து விவரம் கொடுக்க வேண்டும் என்கிறது. யாரிடம்? மேயரிடம். மேயர் யார்? அவர்களில் ஒருவர். கவுண்டரில் என் பதிவேட்டை என் பக்கத்துக் கவுண்டர் தோழரே சரிபார்த்தால் எப்படி இருக்கும்? கேரளத்தில் உள்ளாட்சிகளுக்கென்றே ஆம்பட்ஸ்மேன் என்ற நடுவரை வைத்திருக்கிறார்கள். நீதிபதியாக இருந்தவரை அந்த இடத்தில் உட்கார வைக்கிறார்கள். நமக்கு அந்த வழிதான் சரி.

மும்பைச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 16-ஆம் பிரிவு இருக்கிறது. மாநகராட்சி ஒப்பந்தத்தில் நேராகவோ மறைமுகமாகவோ, தானோ தன் கூட்டாளியோ பங்கு வைத்திருந்தால் உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது. ஆனால் ஒப்பந்தம் மைத்துனன் பெயரில், மருமகன் பெயரில் இருந்தால்? மறைமுகம் என்று நிரூபிப்பது யார்? நீங்களும் நானுமா, டியூட்டி முடிந்து கோர்ட்டுக்குப் போய்? தேர்தலில் நிற்கும்போது சொத்துப் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்கள். அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் கதவு. நடுவில் வீட்டுக்குள் என்ன வந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே தீர்மானத்தில் நான் எழுதியிருப்பவை இவை. சம்பளத்தை ஒரு மாநகராட்சிப் பொறியாளரின் ஊதிய விகிதத்தோடு சட்டத்திலேயே இணைக்க வேண்டும். தங்களுக்குத் தாங்களே உயர்த்திக்கொள்ளும் வேலை இருக்கக் கூடாது. சம்பளம் வாங்குகிற காலத்தில், மாநகராட்சியோடு தொடர்புடைய எந்தத் தொழிலும் செய்யக் கூடாது. தன்னுடையதும், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தார், மைத்துனர் ஆகியோருடையதுமான மாநகராட்சி ஒப்பந்தங்களை ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். அது வார்டு ஆபீஸ் பலகையில் மராத்தியிலும் மற்ற மொழிகளிலும் ஒட்டப்பட வேண்டும். தன் உறவினரின் கோப்பு வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும். இவற்றைப் பார்க்க நீதிபதியாக இருந்த ஒரு நடுவர் வேண்டும். அவருக்கான பணம் மாமன்றத்தின் கையிலும் கமிஷனரின் கையிலும் இல்லாமல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

செலவு என்ன என்று கேட்பீர்கள். எழுத்தன் அல்லவா, கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆளுக்கு மாதம் ஒரு இலட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 227 பேருக்கு ஆண்டுக்கு 27 கோடியே 24 இலட்சம். 74,427 கோடியில் அது எவ்வளவு? நூறு ரூபாயில் நான்கு பைசாகூட ஆகாது. அந்த நான்கு பைசாவை மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லி, மீதி 99 ரூபாய் 96 பைசாவுக்கான சாவியை ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம்.

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸில் மக்கள் வாக்குப் போட்டுச் சாசனத்தைத் திருத்தினார்கள். நமக்கு அந்த வழி இல்லை. இது மாநிலச் சட்டம். மகாராஷ்டிர சட்டமன்றம்தான் திருத்த முடியும். ஆகவே நாம் போக வேண்டியது நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களிடம். தமிழர் சங்கம் மட்டும் போனால் நாலு பேர் வந்தார்கள் போனார்கள் என்று முடியும். பக்கத்துச் சாலில் இருக்கிற மராத்தித் தோழர்கள், உத்தரப் பிரதேசத்து டாக்சிக்காரர்கள், குஜராத்திக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அதே குழாய், அதே சாக்கடை. கையெழுத்துத் தாளை மூன்று மொழியில் அடிப்போம். ஒவ்வொரு வார்டிலும் அவர்களையும் கூட்டிக்கொண்டு போவோம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். ஊருக்கு உபதேசம் செய்கிற நாம் நம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோமா? நம் சங்கத்தின் கட்டட நிதிக்கு ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று வசூல் செய்தோம். அந்தக் கணக்கு இரண்டு வருஷமாகப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படவில்லை. யாரும் எடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வசூலித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தால் போதுமா? பணம் கொடுத்த உங்களுக்குத் தெரிய வேண்டாமா? உத்திரமேரூர்க் கல்வெட்டுப்படி பார்த்தால், கணக்குக் காட்டாத நான் இந்த மேடையில் நிற்கவே தகுதியில்லாதவன்.

ஆகவே என் பங்கு வசூல் ரசீதுப் புத்தகத்தையும், வங்கியில் கட்டிய சலானையும், என் வீட்டில் யார் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறது. போகிறபோது யார் வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். மற்ற நிர்வாகிகளும் அடுத்த கூட்டத்துக்குள் அப்படியே வைக்க வேண்டும் என்று தீர்மானத்தோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ள அண்ணாச்சியின் அனுமதியைக் கேட்கிறேன். அலுவலகத்தை முழுநேரம் பார்த்துக்கொள்கிற நம் தம்பிக்கு மாதம் கொடுக்கும் ஆறாயிரத்தை உயர்த்துவதைப் பற்றியும் அந்தக் கூட்டத்திலேயே பேச வேண்டும். அவரிடமும் சேவை என்று சொல்லியே வேலை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

முதல் பாதியை வெட்டாமல், இரண்டு பாதியையும் சேர்த்தே நிறைவேற்றித் தாருங்கள்.